அவள் பார்க்காத நூற்றுப் பதினாறு படங்கள்

கோபத்தோடு படுத்தால் கோபத்தோடுதான் எழுந்திருக்க வேண்டும். பெரியவள் அன்று அப்படித்தான் எழுந்தாள்.

காரணம் போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு புதுத் தொழிற்சாலைக்கு வரைபட மென்பொருளைப் பத்தே நாளில் முடித்துத் தருவதாக அவள் தம்பி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அதை எழுத வேண்டிய அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் போனை வைத்த வேகத்தில் மேஜையே ஆடியது. அங்கேதான் விட்டிருந்தோம்.

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். முப்பத்தாறு வயதாகியும் அது மாறவில்லை. இவள் பெரியவள். இருவரும் சேர்ந்து நடத்துகிற கம்பெனியில் அவள் எழுதுவாள், அவன் விற்பான். பொதுவாக எல்லாருக்கும் விற்கிற சரக்கு இல்லை அது. அளவெடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அதனதன் வேலைக்குத் தகுந்தபடி எழுதிக் கொடுப்பது. நீளம், விட்டம், தகட்டின் கனம் என்று நாலைந்து எண்களைத் தட்டினால் போதும். ஒரு ஆள் மூன்று நாள் உட்கார்ந்து வரைகிற படத்தை மூன்று நிமிடத்தில் அச்சடித்து நீட்டிவிடும்.

அன்று காலை அவள் போனது அவர்களுடைய முதல் வாடிக்கையாளரிடம். இரும்புத் தொட்டிகள் செய்கிற தொழிற்சாலை. அங்கே வரைபடப் பிரிவுக்குத் தலைவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். அந்த உறவில்தான் முதல் ஆர்டர் கிடைத்தது என்று யாராவது சொன்னால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே ரோஷம் பொத்துக்கொண்டு வரும். உண்மை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். பட்டறை வழியாகக் குறுக்கே நடந்தவளை ஒரு குரல் நிறுத்தியது.

"நீங்கதானே அந்த மென்பொருள் அம்மா?"

கிரேன் ஓட்டுகிறவர். கையில் பட்டன் பெட்டி. முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

"ஆமா. சொல்லுங்க."

"உங்களைத்தான் ரெண்டு நாளா தேடிக்கிட்டிருக்கேன். இங்க வாங்க. இதைப் பாருங்க."

ஒன்பது மீட்டருக்கு மேல் நீளமாகப் படுத்துக் கிடந்தது ஒரு தொட்டி. ஒரு முனையில் மோட்டார் வைப்பதற்காகக் கனமான மேடை ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். முதுகில் கிரேன் கொக்கி மாட்ட இரண்டே இரண்டு வளையங்கள்.

"முந்தாநாள் இதை அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் நகர்த்தினோம். முழங்கால் உயரம்தான் தூக்கினேன். மோட்டார் பக்கம் அப்படியே தலைகுத்தலா சாஞ்சுது. பக்கத்துல நின்ன வெல்டர் குதிச்சு ஓடினான். ஒரு நொடி தாமதிச்சிருந்தா அவன் கால் இருந்திருக்காது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ரெண்டு வளையம் பத்தாது, நாலு வேணும்னு நான் அன்னைக்கே சொன்னேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? 'மேடம் பார்த்து கையெழுத்து போட்டிருக்காங்க, நீ பெரிய இஞ்சினியரா'ன்னாங்க."

"நான் கையெழுத்து போட்டேனா? இந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லையே!"

அவர் தொட்டியின் வயிற்றில் டேப் போட்டு ஒட்டியிருந்த வரைபடத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார். அங்கே மூன்று கட்டங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். நடுக்கட்டத்தில் பளிச்சென்று அவள் கையெழுத்து.

"இது உங்களுதுதானே?"

அவளுடையதுதான்.

"எல்லாப் படத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு லாரி வருது. தூக்கி ஏத்தணும். கீழ நிக்கப்போறது நாங்க. நீங்க குளுகுளு ரூம்ல உக்காந்து கிறுக்கிட்டுப் போயிடறீங்க."

அந்தக் கடைசி வார்த்தைகள் அவளைச் சுட்டன. ஆனால் அவரிடம் கோபப்பட அவளுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கையெழுத்து அங்கே எப்படி வந்தது என்று அதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நடுக்கட்டம் அவள் வைத்த பூட்டு. ஆறு மீட்டருக்கு மேல் நீளமான தொட்டி என்றால் மென்பொருள் தானாக முடிவெடுக்கக் கூடாது, ஒரு மனிதக் கண் பட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக எழுதி வைத்தாள். சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தால் படம் அச்சாகாது. பின்னால் சேர்க்கிற மோட்டார் மேடையெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாதே, மனிதனுக்குத்தானே தெரியும்! அதை எழுதிய அன்று அவளுக்குத் தன்மேலேயே ஒரு பெருமை வந்தது.

பிறகு சோதனை நாட்கள். தினம் ஐம்பது அறுபது தடவை படம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கட்டத்தை நிரப்பச் சலிப்பாக இருந்தது. எல்லாப் படங்களுக்கும் அடித்தாளாக இருக்கிற டெம்ப்ளேட்டிலேயே தன் கையெழுத்தை ஒட்டிவிட்டாள். சோதனை முடிந்தது. டெம்ப்ளேட் அப்படியே தொழிற்சாலைக்குப் போனது. பூட்டைச் செய்தவளே சாவியை அதில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, தன் கையெழுத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்தாள்.

"இப்போ யாரும் சரிபார்க்கலை. தூக்காதீங்க."

"பேப்பர்ல சரிபார்த்தவர் இல்லைன்னா நான் தொட மாட்டேன் மேடம். இருந்துச்சுன்னா தூக்கித்தான் ஆகணும். எனக்கு உத்தரவு அவ்வளவுதான்."

வரைபடப் பிரிவின் கண்ணாடிக் கதவை அவள் தள்ளிய விதத்தைப் பார்த்ததும் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரும் தாங்களாகவே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

"என்ன, காலையிலேயே காளி அவதாரம்?" என்றார் வீட்டுக்காரர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் கையெழுத்தோட எத்தனை படம் போயிருக்கு?"

அவர் கை நின்றது. அந்த ஒரு நொடியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்."

"இரு, மெதுவா பேசு."

"எத்தனைன்னு கேட்டேன்."

அவர் விசைகளைத் தட்டினார். "ஆறு மீட்டருக்கு மேலன்னா... நூத்திப் பதினாறு."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ஒரு ஏழு மாசம் இருக்கும். படத்தையெல்லாம் சரிபார்த்த நம்ம பழைய செக்கர் வேலையை விட்டுப் போனாரே, அப்போதான் கவனிச்சேன். இன்னொருத்தரைப் போடுங்கன்னு மேல கேட்டேன். மென்பொருளே பார்க்குதே, ஆள் எதுக்குன்னுட்டாங்க. சின்னவன்கிட்டயும் சொன்னேன். இருக்கட்டும் மாமா, அக்காகிட்ட நான் பேசிக்கறேன்னான்."

"ஏழு மாசம்! தினமும் ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடறோம். உப்பு குறைஞ்சா சொல்ல வாய் இருக்கு உங்களுக்கு. இதைச் சொல்ல வாய் இல்லையா?"

"சொன்னா நீ நிறுத்தியிருப்பே. அப்புறம் எல்லாத்தையும் நான்தான் உக்காந்து பார்க்கணும். ஒரு ஆள் எத்தனைதான் பண்றது? இங்க பாரு, உன் கணக்கு எப்பவும் தப்பாது. அந்த நம்பிக்கைதான்."

நம்பிக்கையாம்! சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு நல்ல பெயரை அவள் இதுவரை கேட்டதில்லை.

"அந்த ஒன்பது மீட்டர் தொட்டிப் படத்துல என் கையெழுத்தை அடிச்சுட்டு வந்திருக்கேன். அதுக்கு ரெண்டு வளையம் தாங்குமா?"

"தாங்கும். ஒண்ணும் ஆகாது."

"கணக்கு போட்டுப் பார்த்தீங்களா?"

"பதினெட்டு வருஷ அனுபவம் இருக்கு எனக்கு."

"அப்போ என் பேரு எதுக்கு? உங்க அனுபவத்துக்கு உங்க கையெழுத்தைப் போட வேண்டியதுதானே?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். பிறகு தணிந்த குரலில், "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. இதைப் பெரிசு பண்ணினா உங்க கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு, எனக்கும் வேலை போகும். நீ அந்தத் தாள்ல அடிச்சது மட்டும் என்ன பிரயோஜனம்? மறுபடி பிரிண்ட் குடுத்தா அதே கையெழுத்துதான் வரும்" என்றார்.

அது உண்மை. அதனால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அந்தத் தொட்டியின் அளவுகள், மோட்டார் மேடையின் எடை எல்லாவற்றையும் தன் கணினியில் ஏற்றிக்கொண்டாள். போகும்போது அந்தக் கண்ணாடிக் கதவை அவள் சாத்தவில்லை.

அவர்களுடைய அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில். மூன்று அறை. முன்னறையில் சின்னவனின் மனைவி மென்பொருளைச் சோதனை செய்துகொண்டிருந்தாள். கொடுத்த எண்களுக்குக் கோடு ஒழுங்காக விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தொட்டியையோ கிரேனையோ அவள் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை.

"வாங்க அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"உன் புருஷன் எங்கே?"

கேட்ட தொனியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கையால் உள்ளறையைக் காட்டினாள்.

சின்னவன் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு யாரிடமோ போனில் குழைந்துகொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் போனை வைத்தான்.

"அக்கா, அந்தப் பத்து நாள் விஷயம்..."

"அது கிடக்கட்டும். டெம்ப்ளேட்ல என் கையெழுத்து இருக்கறது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவன் மூக்கைச் சொறிந்தான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு நின்றபோதும் இப்படித்தான் சொறிந்தான்.

"தெரியும்."

"ஏண்டா எடுக்கலை?"

"நீதானேக்கா ஒட்டினே?"

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. அவள் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆமா. நான்தான் ஒட்டினேன். அது என் முட்டாள்தனம். தெரியாம விட்டேன். தெரிஞ்சே விட்டியே, அதுக்கு என்ன பேரு?"

"வியாபாரம்னு பேரு. நீ ரூமுக்குள்ள உக்காந்து எழுதறே. நான் வெளிய போய் விக்கறேன். விக்கற இடத்துல, பத்து படம் போட்டா நாலு தடவை நின்னு 'யார் பார்த்தா, யார் பார்த்தா'ன்னு கேட்டா எவன் வாங்குவான்? நிக்காம ஓடுதுன்னுதான் எல்லாரும் வாங்கினாங்க."

"எல்லாரும்னா?"

அவன் மேஜைமேல் இருந்த போனை எடுத்து உருட்டினான்.

"மத்த நாலு கம்பெனிக்கும் இதே டெம்ப்ளேட்தானா?"

"...ஆமா."

பெரியவள் அந்த வாடிக்கையாளர்களை நினைத்துப் பார்த்தாள். படிக்கட்டு செய்கிறவர்கள், சாரம் செய்கிறவர்கள், பாரம் தூக்கும் சட்டம் செய்கிறவர்கள். அவள் கண்ணால் காணாத எத்தனையோ இரும்புக்கு அவள் ஜாமீன் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் மேல் ஏதாவது வந்து விழுந்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. யாரோ ஒருவர் மேல் எது விழப்போகிறது என்று தெரியாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"முந்தாநாள் ஒருத்தன் கால் போயிருக்கும். அவன் வீட்டுல வந்து கேட்டா என் பேரைத்தான் கேப்பாங்க. உன் பேரை இல்ல, உங்க மாமா பேரை இல்ல!"

"உன் பேருன்னா எல்லாரும் நம்பறாங்கக்கா. அதுக்கு நான் என்ன பண்றது? என் கையெழுத்தை நம்ம வீட்டுக்குப் பேப்பர் போடறவன்கூட நம்ப மாட்டான்."

வேறு நாளாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள். அவனும் அதை எதிர்பார்த்துத்தான் சொன்னான்.

"நல்லாக் கேட்டுக்கோ. அஞ்சு கம்பெனியிலயும் அந்தக் கட்டத்தைக் காலி பண்ணு. இன்னைக்கே, நாலு மணிக்குள்ள. படம் நிக்கட்டும். யாராவது உண்மையா உக்காந்து பார்த்துப் பேரைப் போடற வரைக்கும் நிக்கட்டும்."

"ஆர்டர் போயிடும்."

"போகட்டும். நான் அந்த வளையக் கணக்கைப் பார்க்கறேன். நீ இதைப் பண்ணு. பண்ணுவியா மாட்டியா?"

"பண்றேன்கா. சத்தம் போடாதே, கீழ கடையில கேக்குது."

வாடிக்கையாளர் கணினிகளின் கடவுச்சொற்கள் அவனிடம்தான் இருந்தன. நிறுவுவது, பராமரிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அதனால் அந்த வேலையை அவனிடமே விட்டாள். அவளுடைய வாழ்நாள் முட்டாள்தனங்களில் கையெழுத்து ஒட்டியது முதலாவது என்றால், இது இரண்டாவது.

கதவைத் தாழிட்டுக்கொண்டு கணக்கில் இறங்கினாள். மென்பொருளைத் தொடவில்லை. தாளில், கையால் போட்டாள். தொட்டியின் எடை தனியாக, மேடையின் எடை தனியாக, மோட்டார் தனியாக. பாரத்தின் மையம் நடுவில் இல்லை. ஒரு மீட்டருக்கும் மேல் மோட்டார் பக்கம் தள்ளியிருந்தது. இரண்டு வளையமும் நடுவை நம்பி வைத்தவை. தூக்கினால் சாயாமல் என்ன செய்யும்? சாய்ந்தால் பாரம் மொத்தமும் ஒரே வளையத்தில் இறங்கும். அந்த ஒற்றை வளையம் தாங்காது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் தாங்கவில்லை.

கிரேன்காரர் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு படித்தாரோ, கணக்குப் போடாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

மணி மூன்றரை. முன்னறையில் சின்னவனைக் காணவில்லை.

"அவரா? மூணு மணிக்கே தொட்டிக் கம்பெனிக்குன்னு கிளம்பிட்டார். எல்லாம் முடிச்சாச்சு, அக்காகிட்ட சொல்லிடுன்னார்" என்றாள் அவன் மனைவி.

முடித்துவிட்டான். பெரியவளுக்கு அன்று முதன்முறையாக மூச்சு சீராக வந்தது. அந்தச் சீரும் தொழிற்சாலை வாசல் வரைக்கும்தான்.

பட்டறைக்குள் நுழைந்தபோது கொக்கிகள் மாட்டியாகிவிட்டது. லாரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. சங்கிலி விறைத்துக்கொண்டிருந்தது. தொட்டிக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். கொஞ்ச தூரத்தில் சின்னவனும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டு நின்றார்கள்.

"தூக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனேனே!" அவள் கிரேன்காரரை நோக்கி ஓடினாள்.

"நான் என்ன பண்றது மேடம்? உங்க தம்பி புதுப் படம் கொண்டாந்து ஒட்டிட்டாரு. சரிபார்த்தவர் பேரு இருக்கு."

"என்ன பேரு?"

தொட்டியின் வயிற்றில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. அதே தொட்டி, அதே இரண்டு வளையம். நடுக்கட்டத்தில் அவள் பெயர் இல்லை. அச்செழுத்தில் அவள் வீட்டுக்காரரின் பெயர் இருந்தது.

கட்டத்தைக் காலி பண்ணினால் படம் நிற்கும். படம் நின்றால் லாரி நிற்கும். அதனால் சின்னவன் காலி பண்ணவில்லை. அக்கா பெயரை எடுத்துவிட்டு மாமா பெயரைப் போட்டுவிட்டான். மென்பொருள் சமர்த்தாக வழி விட்டுவிட்டது. யார் பெயர் என்று அதற்கென்ன கவலை?

"என்னங்க, நான் கணக்கு போட்டுட்டேன். தாங்காது. நிறுத்தச் சொல்லுங்க."

"மறுபடி ஆரம்பிச்சுட்டியா? ஒண்ணும் ஆகாது, நீ ஓரமா நில்லு." வீட்டுக்காரர் கிரேன்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "தூக்குப்பா!"

சங்கிலி முனகியது. தொட்டி ஒரு சாண் எழும்பியது. மோட்டார் பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

பெரியவள் தாளை டேப்போடு பிய்த்தெடுத்தாள். அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"படிங்க. நடுக்கட்டத்தைப் படிங்க."

அவர் படித்தார். மறுபடி படித்தார். தொட்டியைப் பார்த்தார். அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்ற வெல்டரைப் பார்த்தார்.

"நிறுத்து! இறக்கு! ஏய், எல்லாரும் தள்ளிப் போங்க! இறக்குடா!"

அந்தக் குரலை அவள் கல்யாணமான இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. கிரேன்காரர் காத்திருந்தவர் மாதிரி பட்டனை அழுத்தினார். தொட்டி மரக்கட்டைகள் மேல் திம்மென்று உட்கார்ந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. அதைவிட மோசமாக, நிதானமாகக் கேட்டாள்.

"காலையில அங்க என் பேரு இருந்துச்சு. அப்போ ஒண்ணும் ஆகாதுன்னீங்க. ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னீங்க. இப்போ உங்க பேரைப் பார்த்ததும் என்ன ஆச்சு?"

அவர் முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வந்தார். சுற்றிலும் நின்ற அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் பட்டறையை விட்டு வெளியே நடந்தார். அவள் கூப்பிடவில்லை. இன்று இரவு வீட்டுக்கு வந்து எதிரில் உட்காருவாரே, அப்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் நினைத்தாள். அழுகை வரும் போலிருந்தது. அதற்கு நேரமில்லை.

சின்னவன் மெல்ல லாரிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

"நில்லுடா."

"உன் பேரை எடுத்துட்டேனேக்கா. இன்னும் என்ன?"

"காலி பண்ணுன்னு சொன்னேன்."

"காலியா விட்டா எல்லாம் நின்னுடும். உன்னைக் காப்பாத்தத்தான் பண்ணினேன். மாமா இங்க வேலை பார்க்கறவர்தானே, அவர் பேரு இருக்கறதுல என்ன தப்பு?"

"சரி. மத்த நாலு கம்பெனியில மாமா வேலை பார்க்கலையே. அங்கே யார் பேரைப் போட்டே?"

அவன் மூக்கைச் சொறியவில்லை. தரையைப் பார்த்தான். அவள் இன்னொரு தடவை கேட்பதற்குள் அவள் கைப்பையில் போன் அடித்தது. சின்னவன் மனைவி.

"அண்ணி, ஒரு சந்தேகம். சாரம் செய்யற கம்பெனியிலேர்ந்து பேசறாங்க. ஆறு மாடி உயரத்துக்குச் சாரமாம். நீங்க பார்த்துட்டீங்களே, நாளைக்கு ஆள் ஏத்திடலாமான்னு என்னைக் கேக்கறாங்க. படத்தையும் அனுப்பியிருக்காங்க. சரிபார்த்தவர்னு என் பேரு இருக்கு. நான் எப்போ அண்ணி பார்த்தேன்?"